பாத்ரூமில் ஒரு சாயப்பட்டறை

கடலூர் மஞ்சக்குப்பமோ திருப்பாதிரிப்புலியூரோ, ஏதாவது ஒரு மளிகைக் கடையின் முகப்பை நிமிர்ந்து பாருங்கள். ஷாம்பு, ஊறுகாய், காபித்தூள், மீன் மசாலா என்று சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளுக்கு நடுவே தலைமுடிச் சாயமும் தொங்கும். முன்பெல்லாம் அதில் கறுப்பு, அதை விட்டால் கரும்பழுப்பு, அவ்வளவுதான். இன்றைக்கு பர்கண்டி, காப்பர், செர்ரி ரெட் என்று ஒரு வரிசையே வந்துவிட்டது. கறுப்பு வாங்க வருகிறவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்பார். பர்கண்டி வாங்க வருகிற பிள்ளை போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே ஷேடு இருக்காண்ணா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்கும். ஒருவருக்குச் சாயம் போட்டது தெரியக் கூடாது. இன்னொருவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

இரண்டு பேரும் வாங்கிப் போவது ஏறக்குறைய ஒரே வகை ரசாயனம். அதைக் கலக்குகிற இடமும் ஒன்றுதான்: வீட்டு பாத்ரூம். கதவைத் தாழிட்டு, பழைய நைட்டியோ கைலியோ உடுத்திக்கொண்டு, உடைந்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் குழைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் பூசி, அரை மணி நேரம் ஈரத் தரையில் நின்றபடி காத்திருப்பது. சிதம்பரத்தில் தேரோடும் வீதிகளில் பார்லர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே போய் முடிக்கு நிறம் ஏற்றினால் பில் சில ஆயிரத்தில் வரும். பாக்கெட்டுக்குச் சில பத்து ரூபாய் போதும். இந்த வித்தியாசம்தான் வீட்டுக்கு வீடு ஒரு சாயப்பட்டறையை உண்டாக்கிவிட்டது.

அந்தச் சில பத்து ரூபாய்க்கு ஒரு பூர்வீகம் உண்டு. அது கடலூரிலேயே இருக்கிறது. இந்த ஊர்க்காரர் சின்னிகிருஷ்ணன், மருந்துப் பொருள்களைச் சிறு அளவில் பொட்டலம் போட்டு விற்றுவந்தவர். பணக்காரர் வாங்குகிற எதையும் ரிக்‌ஷாக்காரரும் வாங்க முடிய வேண்டும், அதற்குப் பொருளின் தரத்தைக் குறைக்கக் கூடாது, அளவைக் குறைத்தால் போதும் என்பது அவருடைய எண்ணம் என்று அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பாட்டிலில் இருந்த ஷாம்பு சாஷேக்கு வந்ததும், வெல்வெட் என்ற பெயர் தமிழ்நாட்டுக் குளியலறைகளில் புழங்கியதும் இந்தக் குடும்பத்தால். பிறகு ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகத் தொடங்கினார். அப்பாவின் பெயரிலிருந்து எடுத்ததுதான் ‘சிக்’ ஷாம்பு. காலி சாஷேக்களைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்ற திட்டம், பிள்ளைகளைத் தெருத்தெருவாகக் காலி உறை பொறுக்க வைத்தது. அந்தத் தொழில்தான் 1998இல் கவின்கேர் ஆனது. அவர்களுடைய தலைமுடிச் சாயத்தின் பெயர் இண்டிகா. இன்று இந்தியா முழுக்க எல்லா நிறுவனங்களும் சாயத்தை ஒருமுறைக்கு உரிய பாக்கெட்டில் விற்கின்றன என்றால், அதற்கு முன்னே ஷாம்பு போட்டுக் கொடுத்த பாதை ஒன்று இருக்கிறது.

என் கட்சி இதுதான். விலையைக் கைக்கு எட்டவைத்தது பெரிய காரியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஷாம்பும் சாயமும் ஒன்றல்ல. அளவைச் சிறிதாக்கலாம், வேதியியலைச் சிறிதாக்க முடியாது. ஷாம்பு பாக்கெட்டைக் கடித்துக் கிழித்துப் பழகிய அதே அவசரத்தில் சாயப் பாக்கெட்டையும் கிழிக்கிறோம். அதற்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச் சீட்டு முதலில் குப்பைக்குப் போகிறது.

புது நிறம் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் சந்திக்கிற ஏமாற்றம் ஒன்று உண்டு. அட்டையில் செம்பு மாதிரி மின்னுகிற முடி. பூசிக் கழுவியபின் கண்ணாடியில் பார்த்தால் அதே கறுப்பு. மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் நின்றால் மட்டும் ஓரத்தில் ஒரு செம்மை தெரியும். "ஏமாத்திட்டாங்க" என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. நம் முடியில் இருக்கும் கறுப்பு, யூமெலனின் என்ற நிறமி. அது நிரம்பி இருக்கிற முடியின் மேல் இன்னொரு வெளிர் நிறம் ஏறாது. வெள்ளை வேட்டியில் எந்தச் சாயமும் பிடிக்கும், கறுப்பு வேட்டியில் மஞ்சள் பிடிக்குமா? முதலில் இருக்கிற கறுப்பை இறக்க வேண்டும். அதைத்தான் பிளீச் செய்கிறது.

ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே போய் நிறமியைச் சிதைக்கிறது. டெவலப்பர் என்று விற்கிறார்களே, அதில் 20 வால்யூம் என்றால் 6 சதவீதம் பெராக்சைடு, 30 என்றால் 9, 40 என்றால் 12. எண் ஏற ஏறக் கறுப்பு வேகமாக இறங்கும். முடியும் தலைத்தோலும் அதே வேகத்தில் கெடும். கறுப்பு இறங்கும்போது ஒரேயடியாக வெளுப்பதில்லை. கருஞ்சிவப்பு, செம்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாகத்தான் வரும். நம் ஊரில் வீட்டில் முடி வெளுக்கப் பார்த்தவர்கள் முக்கால்வாசிப் பேர் ஆரஞ்சில் மாட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் அதுதான். அந்த ஆரஞ்சைத் தாண்டிப் போக வேண்டுமென்று அதே நாளில் மறுபடி பிளீச் பூசுகிறவர்களுக்கு, சீப்பில் முடி துண்டுதுண்டாக வரும். பர்கண்டியும் செம்பும் தமிழ்நாட்டில் இவ்வளவு ஓடுவதும் இதனால்தான். கறுப்புக்கு அடியில் ஏற்கெனவே சிவப்பு இருக்கிறது. நாம் செல்ல வேண்டிய தூரம் கொஞ்சம்தான்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. தேவனாம்பட்டினம் கடற்கரைக் குப்பங்களில் உப்புக் காற்றிலும் வெயிலிலும் விளையாடித் திரிகிற பிள்ளைகளின் தலை தானாகவே செம்பட்டை ஆகும். எண்ணெய் காணாத தலை, சத்துக் குறைந்த தலை என்று அதற்கு ஒரு பொருளும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ‘செம்பட்டை’ என்று கூப்பிட்டால் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிய தலைமுறை ஒன்று உண்டு. அதைக் கறுப்பாக்க அம்மாக்கள் தேங்காய் எண்ணெயையும் கரிசலாங்கண்ணியையும் வைத்துப் போராடினார்கள். இன்றைக்கு அவர்களுடைய பேரன் பேத்திகள் காசு கொடுத்து அதே நிறத்துக்கு வருகிறார்கள். பாட்டிமார்களுக்கு இது சுத்தமாகப் புரியவில்லை என்றால் குற்றம் அவர்களுடையது அல்ல. தில்லைக் கூத்தனின் விரிசடையைச் சிவப்பு என்றுதான் தேவாரம் பாடிய மூவரும் சொல்கிறார்கள். பேரனைக் காப்பாற்ற வேண்டுமானால் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

பள்ளிக்கூடங்களில் இந்த வாதம் எடுபடாது. முடிக்கு நிறம் போட்டு வந்த மாணவனை வாசலிலேயே நிறுத்துவதும், ‘கோடு போடாதே, கலர் அடிக்காதே’ என்று தலைமையாசிரியர்கள் உள்ளூர் சலூன்காரர்களிடமே கேட்டுக்கொள்வதும் தமிழ்நாட்டில் புதிதல்ல. அதனால் கோடை விடுமுறை தொடங்கினால் நிறம் ஏறும், ஜூன் வந்தால் அதன்மேல் கறுப்பு ஏறும். இரண்டே மாதத்தில் பிளீச், சிவப்பு, கறுப்பு என்று மூன்று அடி வாங்குகிற பதினைந்து வயது முடிதான் எனக்குக் கவலை. கல்லூரியில் அந்தக் கெடுபிடி குறைவு. அண்ணாமலைநகர் மாதிரி ஊரே கல்லூரியாக இருக்கிற இடத்தில், மாணவர் தலைகளில் இந்தப் புது வரிசை அத்தனையும் பார்க்கக் கிடைக்கும்.

சாயம் இந்த மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. 1993இல் பிரியும்வரை கடலூரும் விழுப்புரமும் சேர்ந்து தென்னார்க்காடு. சென்னை மாகாணத்தில் நீலச் சாயம் தருகிற அவுரி செழித்த மண் இது. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை உள்ள கிராமங்களும் அவர்களுக்கே என்ற அந்த விசித்திரமான பேரம் பலருக்குத் தெரியும். அவர்கள் இங்கே வந்ததே துணிக்காக. பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து அவுரி நீலத்தில் தோய்த்த துணிகள் பிரெஞ்சுக் கப்பலில் மேற்கு ஆப்பிரிக்கா வரை போயின.

அவுரி செய்கிற விதம் ஒரு கண்கட்டு வித்தை போலவே இருக்கும். அறுத்த செடியைத் தொட்டித் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். ஊறிய தண்ணீரில் நீலமே இருக்காது. ஒரு மஞ்சள்பச்சைக் கழனித் தண்ணீர்தான். அதை அடுத்த தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் இறங்கிக் காலால் உதைத்துக் கலக்குவார்கள். காற்று உள்ளே போகப் போக, கண்ணெதிரே தண்ணீர் நீலமாகும். நீலம் அடியில் தங்கும். அதைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, வில்லையாக வெட்டுவார்கள். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழிகாட்டிய வேதியியலாளர் பேயருக்கு 1905இல் நோபல் பரிசு கிடைத்தது. தென்னார்க்காட்டு அவுரித் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. முழுக்கச் சாகவில்லை. திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி விளைகிறது. அதன் இலைப்பொடி தலைமுடிச் சாயமாக வெளிநாடுகளுக்குப் போகிறது.

தொட்டிக்குள் நடந்தது என்னவோ, அதுதான் உங்கள் பாத்ரூம் கிண்ணத்திலும் நடக்கிறது. டியூபிலிருந்து வருகிற கிரீம் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும். டெவலப்பரைச் சேர்த்துக் குழைத்த சில நிமிடங்களில் அது பழுப்பாகும், பிறகு கறுக்கும். பாராஃபீனிலீன்டைஅமின், சுருக்கமாகப் பி.பி.டி., என்ற மிகச் சிறிய நிறமற்ற மூலக்கூறு முடிக்குள் நுழைகிறது. முடியின் மேலே மீன் செதில் மாதிரி அடுக்கியிருக்கும் ஓட்டை அமோனியா நெகிழ்த்திக் கொடுக்கிறது. உள்ளே போனபின் பெராக்சைடோடு சேர்ந்து, ஒன்றோடொன்று பிணைந்து, பெரிய நிறமுள்ள மூலக்கூறாக வளர்கிறது. வளர்ந்தபின் வந்த வழியே வெளியேற முடியாது. அதனால்தான் கழுவினாலும் போகாத சாயம். 1907இல் பாரிஸில் யூஜீன் ஷுலர் என்ற இளம் வேதியியலாளர் இந்த வகைச் சாயத்தைச் செய்து சலூன்களுக்கு விற்றார். அவர் தொடங்கிய கம்பெனிதான் லோரியால். நூறு வருடம் கழித்தும் அடிப்படை மாறவில்லை. ‘அமோனியா இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பவற்றில் அதற்குப் பதிலாக இன்னொரு காரம் இருக்கும், பி.பி.டி. இருந்தாலும் இருக்கலாம். ‘ஹெர்பல்’, ‘பிளாக் ஹென்னா’ என்ற அட்டைகளையும் திருப்பிப் படியுங்கள். மருதாணி கறுப்பு நிறம் தராது. அரை மணியில் மை மாதிரி கறுக்கிற ‘மருதாணி’யில் வேறொன்று கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

நிஜ மருதாணியும் அவுரியும் போடுவதென்றால் அது பொறுமைக்காரர்கள் வேலை. முதலில் மருதாணிப் பொடியைக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ தேயிலைத் தண்ணீரோ விட்டுக் குழைத்துச் சில மணி நேரம் ஊறவிட வேண்டும். அதிலுள்ள லாசோன் என்ற நிறமி வெளியே வந்து முடியின் புரதத்தோடு ஒட்டும். வெள்ளை முடி ஆரஞ்சாகும். அதைக் கண்டு பயப்படக் கூடாது. கழுவிவிட்டு இரண்டாவது கட்டமாக அவுரி. அவுரியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தலையில் ஏற்றிவிட வேண்டும். மருதாணியைப் போல ராத்திரி ஊறப்போட்டால் காற்றுப்பட்டு நீலம் கிண்ணத்திலேயே முதிர்ந்து வீணாகும். கழுவியதும் பச்சையடித்தது போலத் தெரிந்தாலும் ஓரிரு நாளில் கறுக்கும். மருதாணி மட்டும் என்றால் செம்பு, இரண்டையும் கலந்தால் பழுப்பு, அடுத்தடுத்துப் போட்டால் கறுப்பு. இரண்டே இலையில் இத்தனை நிறம். நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள்: அவுரிக்குப் பதில் நிலாவாரைப் பொடியைக் கட்டிக் கொடுத்துவிடுவதும் உண்டு. அது பேதி மருந்து. தலையில் பூசினால் நிறம் ஒன்றும் வராது. இன்னொன்று: உலோக உப்புக் கலந்த மருதாணிப் பொடி போட்ட தலையில் பிறகு பெராக்சைடு பட்டால் சூடேறி முடி கருகலாம். ‘என்ன போட்டிருக்கே?’ என்று பார்லரில் கேட்பது வெறும் பேச்சுக்கு அல்ல.

ரசாயனச் சாயம் போடுகிறவர்களுக்கு வேறு சில காரியங்கள். எண்ணெய்த் தலையில் சாயம் சீராகப் பிடிக்காது. முந்தைய நாளே அலசிவிட வேண்டும். அன்று காலை அழுக்குப் போகத் தேய்த்துக் குளித்துவிட்டு உடனே பூசினால் எரியும். நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் கறை படியாது. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரம் எதற்கு, பிளாஸ்டிக் கிண்ணமே போதும். புது நிறம் போடும்போது நுனியில் தொடங்கி வேருக்குக் கடைசியில் வாருங்கள். தலைச் சூட்டில் வேர் சீக்கிரம் நிறம் பிடித்து, மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறமாகிவிடும். மிச்சத்தை மூடி போட்ட பாட்டிலில் எடுத்து வைக்காதீர்கள். அடுத்த வாரத்துக்கு அது உதவாது, உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கவும் செய்யும். பாக்கெட் கணக்கு ஆண்களின் கிராப்புக்கு உரியது. இடுப்பு வரை முடி இருக்கிற பெண் ஒரு பாக்கெட்டைத் தண்ணீர் விட்டு நீட்டிப் பூசினால் புலி வரிதான் மிஞ்சும். சின்னிகிருஷ்ணனின் சிக்கனம் செல்லுபடியாகாத இடம் இது ஒன்றுதான்.

இனி அந்தத் துண்டுச் சீட்டு. அதில் இருப்பது கம்பெனிக்காரர் தயவில் அச்சிட்டதல்ல, சட்டம் போட வைத்தது. 1945ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளில் 149ஆவது விதி தலைமுடிச் சாயத்துக்கென்றே இருந்தது. அந்த எச்சரிக்கைகளை 2020இல் வந்த புதிய அழகுசாதன விதிகளும் தொடர்கின்றன. உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. காதுக்குப் பின்னாலோ முன்கையின் உள்பக்கமோ சிறிது இடத்தைக் கழுவி, கலந்த சாயத்தைத் தொட்டு வைத்துக் காயவிட்டு, 24 மணி நேரம் கழித்துக் கழுவிப் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ இல்லை என்றால்தான் தலைக்கு. புருவத்துக்கும் இமைக்கும் கூடவே கூடாது, பார்வையே போகலாம். இதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கிறது. இன்னொரு வரி இருக்கிறது, அதைத்தான் யாரும் நம்புவதில்லை: ஒவ்வொரு முறை பூசும் முன்னும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

"பத்து வருஷமா போடறேன், எனக்கு ஒண்ணும் ஆகலே" என்பது இதற்கு நம் ஆட்கள் சொல்கிற பதில். ஒவ்வாமை அப்படித்தான் வேலை செய்கிறது. பத்து வருடமும் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டுகொண்டிருக்கும். பதினோராவது வருடம் எதிர்க்கும். உடனேயும் வராது. பூசிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ நெற்றி அரிக்கும், காதோரம் கொப்புளிக்கும், காலையில் எழுந்தால் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கியிருக்கும். அதற்குள் முந்தாநாள் போட்ட சாயம் யாருக்கும் நினைவில் இருக்காது. நேற்றுச் சாப்பிட்ட இறாலின் மேல் பழி போகும், அதுவும் கடலூரில். வீக்கம் வராமல் மெதுவாகக் கெடுப்பதும் உண்டு. நெற்றியிலும் கன்னத்திலும் கருந்திட்டாகப் படிவதை வெயில் என்றும் கல்லீரல் என்றும் நினைத்து வருடக்கணக்கில் கிரீம் தடவுகிறார்கள். சிலருக்கு நேர்மாறாக, சாயம் பட்ட ஓரங்களில் தோல் வெளுத்துத் திட்டாகிறது. கோடைத் திருவிழாக்களில் கைக்குக் கறுப்பாகப் போட்டுவிடுகிற உடனடி ‘டாட்டூ’ மருதாணியில் பி.பி.டி. இருந்து, பிள்ளை வயதிலேயே ஒவ்வாமையைத் தொடங்கி வைப்பதும் மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் அது போவதில்லை. கம்பெனியை மாற்றினாலும், கறுப்பை விட்டுப் பர்கண்டிக்குப் போனாலும், உள்ளே பி.பி.டி.யோ அதன் சொந்தக்கார ரசாயனமோதான் இருக்கும். அப்போது மிஞ்சுவது மருதாணி, அவுரி, அல்லது நரையை அப்படியே விடுவது. 2011இல் ‘மங்காத்தா’வில் அஜித் நரைத்த தலையோடு வந்து நின்றபின் கடைசி வழி ஆண்களுக்கு எளிதாகிவிட்டது. பெண்களுக்கு அப்படியொரு படம் இன்னும் வரவில்லை. கல்யாண மண்டபத்தில் நரையோடு நிற்கும் ஐம்பது வயதுப் பெண்ணிடம், "உடம்புக்கு என்ன?" என்றுதான் இன்னமும் கேட்கிறார்கள்.

விடுவதென்று முடிவெடுத்தாலும் கணக்கு நிதானமாகத்தான் போகும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். கிராப்புக்காரருக்கு நான்கைந்து மாதத்தில் பழைய சாயம் கத்தரியோடு போய்விடும். இடுப்பு வரை முடி உள்ளவருக்கு வருடக்கணக்கில் இரண்டு நிறம்தான். புதுநிறம் போட்ட பிள்ளைகளுக்கும் இதே கணக்கு: ஆறே வாரத்தில் வேரில் கறுப்பு எட்டிப் பார்க்கும்.

முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டில் மோர் தடவிக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே தலையை நிறையத் தண்ணீரில் அலசிவிட்டுப் புறப்படுங்கள். அண்ணாமலைநகரில் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை. குழந்தை சாயத்தை வாயில் வைத்துவிட்டது என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. தொண்டை வீங்கி மூச்சை அடைக்கும், பிறகு தசையும் சிறுநீரகமும் கெடும். எந்த நிலையிலும் பாக்கெட்டின் உறையை, குப்பைத் தொட்டியில் இருந்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன சாயம், அதில் என்ன இருக்கிறது என்று டாக்டர் கேட்கும்போது நீட்ட வேண்டியது அதைத்தான்.